பில்மாவின் பங்கு

வலது செருப்பில் ஆணி ஏறியது எப்போது என்று கோபாருக்கே தெரியாது. அன்று துறைமுகத்தில் சரக்குக் கப்பல். காலையிலிருந்து இறைச்சி டின் பெட்டிகளையும் உறைந்த கோழிப் பெட்டிகளையும் இறக்கிப் போட்டுவிட்டு, தீவின் மேற்குக் கடைசியில் லாராவுக்குப் போகும் வேனில் முக்கால் மணி நேரம் தூங்கி விழுந்து வீடு வந்து சேர்ந்தான். செருப்போடு பாயில் ஏறினான். மனைவி பில்மாதான் பார்த்தாள்.

"கோபாரு, எங்க போய் மிதிச்சிட்டு வந்தே? பாயெல்லாம் ரத்தம்."

"ரத்தமா? பெயிண்டா இருக்கும். கப்பலுக்கு அடிச்சிட்டிருந்தாங்க."

அவள் குனிந்து அவன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்குள் ஒரு விரற்கடை ஆணி இறங்கியிருந்தது. இடுக்கியை எடுத்துவந்து பிடுங்கினாள். கோபார் பார்த்துக்கொண்டிருந்தான். பலகையிலிருந்து ஆணியைப் பிடுங்கினால் பலகைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

"வலிக்கலையா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"பொய் சொல்றவனா இருந்தா வலிக்குதுன்னு சொல்லி நாளைக்கு லீவு போட்டிருக்க மாட்டேனா?"

அவள் சிரிக்கவில்லை. ரத்தம் வழியும் பாதத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி, தெரியாத யாருடையதோ போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்க்கரை இருக்கிறது என்று கோபாருக்குச் சொல்லி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதை ஒரு நோயாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. லாராவில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேடினால் அது ஆளில்லாத வீடாகத்தான் இருக்கும். ஞாபகம் வந்த நாளில் மாத்திரை, வராத நாளில் இல்லை. ஆணி போன வழியில் சீழ் பிடித்து, பதினேழாம் நாள் டவுன் ஆஸ்பத்திரியில் அந்தக் காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். "அடுத்த தடவை முழங்கால்ல வந்து நிக்கும்" என்றார் டாக்டர். துறைமுகத்து வேலை அதோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் இடத்தில்தான் சாப்பாட்டாலேயே சர்க்கரையைக் குறைக்கும் ஒரு வகுப்பைப் பற்றிப் பில்மா கேட்டுக்கொண்டு வந்தாள். லாரா தேவாலயத்துக் கூடத்தில், வாரம் இரண்டு நாள், மூன்று மாசம். சொல்லிக்கொடுப்பவள் ரோசினா. பக்கத்துத் தீவுக்காரி. ஒரு காலத்தில் அவளுக்கே சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருந்ததாம். அதைச் சொல்லித்தான் அவள் வகுப்பைத் தொடங்குவாள்.

"டின் கறி வேண்டாம். கோழி வேண்டாம். வெள்ளை அரிசி வேண்டாம், சீனி வேண்டாம். நம்ம மண்ணுல வெளையறது போதும். ஈரப்பலா, சேம்பு, தாழம்பழம், பூசணி, கீரை. நம்ம பாட்டன் பூட்டனுக்கு இந்த வியாதி இல்ல."

"மீனு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"மூணு மாசத்துக்கு மீனும் வேண்டாம்."

கூடமே சலசலத்தது. கோபார் கையைத் தூக்கினான்.

"டீச்சர், மீனுங்கறது கடல்ல மொளைக்கற காய்தானே?"

எல்லாரும் சிரித்தார்கள். ரோசினாவும் சிரித்துவிட்டு, "உங்க பேரென்ன? கோபாரா? உங்களைத்தான் நான் கவனிக்கப் போறேன்" என்றாள். அன்று வந்த எல்லாருக்கும் விரலில் குத்திப் பார்த்தார்கள். கோபாருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. கூட வந்தவர்களுக்கும் பார்க்கச் சொன்னாள் ரோசினா. பில்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் போன மாசந்தான் டவுன்ல பாத்தேன் டீச்சர். எனக்கு ஒண்ணுமில்ல. அந்த ஊசியை இவனுக்கு வச்சுக்கோங்க, இவனுக்குத் தினமும் வேணும்."

சோதனைப் பட்டைகள் வரவேண்டிய கப்பல் அப்போது தாமதமாகியிருந்தது. ரோசினா மறுபடி கேட்கவில்லை.

நிலம் பில்மாவுடையது. அவள் அம்மா வழியில் வந்தது. காயல் கரையிலிருந்து மறுபக்கத்துப் பெருங்கடல் வரைக்கும் குறுக்கே நீண்ட பட்டை. அதில் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடத்தைச் சீர்படுத்தினார்கள். பெயர்தான் மண், தோண்டினால் பவளச் சரளை. கோபார் கம்பை ஊன்றிக்கொண்டு ஒற்றைக்கையில் கடப்பாரையைப் பிடித்துக் குத்துவான். பில்மா சரளையை அள்ளிக் கொட்டுவாள். உதிர்ந்த ஈரப்பலா இலை, மக்கிய தேங்காய் மட்டை, மழையில் உப்புக் கழுவிய கடற்பாசி, பன்றிச் சாணம் எல்லாம் போட்டு மூடி இரண்டு மாசம் காத்திருந்தார்கள். கறுப்பாக, கையில் பிடித்தால் நிற்கும்படி மண் வந்தது. பூசணி ஓடியது. சக்கரைவள்ளி படர்ந்தது. தை, மாசியில் வாடைக்காற்று கடல் உப்பை அள்ளிவந்து இலைமேல் பூசும். பில்மா தினமும் காலையில் குடத்தோடு போய் ஒவ்வொரு இலையாகக் கழுவிவிடுவாள்.

கோபாரின் அக்கா ஹெர்த்தீனா ஒருநாள் வந்து இதைப் பார்த்தாள். அவள் பெரிய உடம்புக்காரி, குரலும் பெரிது.

"ஏ பில்மா, என் தம்பிக்கு இலை தழையா போடறியாமே. எங்க அம்மா பன்னிக்கு வெட்டிப் போட்டது இது."

"அந்தப் பன்னிக்குக் காலு நாலும் இருந்துச்சா இல்லையா மதினி?"

 ஹெர்த்தீனா தம்பி பக்கம் திரும்பி, "வாயைப் பாத்தியாடா இவளுக்கு?" என்றாள். கோபாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரிப்பு இருந்ததே தவிர, முதல் மாசம் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். காற்று வாக்கில் பக்கத்து வீட்டில் கோழி பொரிக்கும் வாசம் வந்தால் பாயில் குப்புறப் படுத்துக்கொள்வான். அக்கம்பக்கத்தில் கிள்ளிவந்த பூசணிக் கொழுந்தைத் தேங்காய்ப்பாலில் கொஞ்சமாய் வேகவிட்டு, சேம்புக்கிழங்கோடு பில்மா கொண்டுவந்து வைத்தால், "பன்னிக்கு நேரமாச்சா?" என்பான். ஒருநாள் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டான். அவள் தரையில் சிந்தியதை வழித்து எடுத்துப் போய், புதிதாக ஒரு தட்டுப் போட்டுக்கொண்டு வந்து அதே இடத்தில் வைத்தாள். அவன் தின்றான்.

ஐந்தாம் வாரம் நூற்றுத் தொண்ணூறு. ஒன்பதாம் வாரம் நூற்று நாற்பது. ஆஸ்பத்திரியில் தொடங்கிய ஊசி மருந்தைப் பாதியாக்கினார்கள், பிறகு நிறுத்தினார்கள். வயிறு வற்றி, பழைய அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டினான். ஒருநாள் வெறுங்காலோடு முற்றத்தில் இறங்கியவன் "ஐயோ!" என்று கத்தினான். பில்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னாச்சு? என்ன குத்திச்சு?"

"கல்லு. கல்லு குத்துது."

"எங்க? காட்டு."

"வலிக்குது பில்மா! எனக்கு வலிக்குது!"

அவள் அப்படியே சரளையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அவன் வேண்டுமென்றே இன்னொரு கல்லை மிதித்து இன்னொருமுறை கத்தினான்.

கோபாருக்கு வேலை போனபிறகு வீடு பில்மாவின் எண்ணெய்ச் சட்டியில் ஓடியது. விடியும்போதே எழுந்து மைதா மாவில் சீனியும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பிசைந்து உருண்டை போட்டுப் பொரித்தெடுப்பாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வாங்கிப் போகும். உடைந்ததும் கருகியதும் அவளுக்கு. நாலு ஸ்பூன் சீனி போட்ட காப்பியில் தோய்த்து நின்றபடியே தின்பாள். மத்தியானம் அவனுக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து தாழை ஓலை கிழிப்பாள்.

"நீ சாப்பிடலையா?"

"அடுப்படியிலயே முடிச்சிட்டேன்."

ஒருநாள்கூட அவன் எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பார்த்ததில்லை.

ஹெர்த்தீனாவின் பேரனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. இந்தத் தீவில் கல்யாணத்தைவிடப் பெரியது அது. முந்நூறு பேர். குழியடுப்பில் மூன்று பன்றிகள், மலையாகச் சோறு, கோழி, உருளைக்கிழங்குக் கலவை, நீலநிறக் கிரீம் வைத்த கேக். தட்டு என்றால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய தட்டு. வந்தவர்கள் தின்று மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும், வேண்டாம் என்று சொல்வது கொடுத்தவர் முகத்தில் அடிப்பது. ஹெர்த்தீனா இரண்டு தட்டுகளைத் தானே ஏந்திக்கொண்டு தம்பியை நோக்கி வந்தாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.  பன்றித்தோலின் மொறுமொறுப்பு கோபாருக்கு நாக்கில் ஊறியது. கை தானாக நீண்டது.

பில்மா நடுவில் வந்து நின்றாள்.

"ரெண்டையும் எங்கிட்ட குடு மதினி."

"இது அவனுக்கு."

"அவன் பங்கு, என் பங்குன்னு எங்க வீட்டுல உண்டா? ரெண்டும் ஒரே வயித்துக்குத்தான் போகுது." அவள் தன் வயிற்றைத் தட்டிக் காண்பித்தாள். "பாரு, எடம் நெறைய இருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். ஹெர்த்தீனாவின் முகம் இளகியது. பில்மா அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல்லார் கண் முன்னாலும் அவன் தட்டைக் காலி செய்தாள். தன்னுடையதை வாழையிலையில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தாள். கோபார் அன்று ஒரு இளநீரோடு தப்பித்தான். வேனில் வரும்போது அவள் காதில், "நீ இல்லன்னா இன்னைக்கு நான் விழுந்திருப்பேன்" என்றான்.

"தெரியும்."

அதற்குப் பிறகு எத்தனை பிறந்தநாள், எத்தனை சாவு, கிறிஸ்துமஸ், ஈஸ்டர். எல்லாவற்றிலும் அப்படித்தான் நடந்தது. ஊரே அதை ஒரு வேடிக்கையாகப் பழகிக்கொண்டது. "கோபார் தட்டு எங்கே, பில்மாகிட்ட குடு" என்பார்கள்.

ஒரு வருஷம் முடிந்தபோது ரோசினா அவனைக் கூடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மூன்று மாசச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் அவனுக்கு ஆறு புள்ளி ஒன்று. முதலில் பன்னிரண்டுக்கு மேல் இருந்தது. புதிதாக வந்தவர்கள் கைதட்டினார்கள். ஏதாவது சொல்லச் சொன்னாள். அவன் கம்பில்லாமல் நின்று, "நான் பன்னி மாதிரி தின்னேன். அதான் மனுஷன் மாதிரி நடக்கறேன்" என்றான். கூடம் அதிர்ந்தது. பில்மா வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களைவிட அதிகமாகக் கைதட்டினாள். அவள் கணுக்கால்கள் வீங்கியிருந்ததை அவன் கவனித்தான். அடுப்பின் முன் ரொம்ப நேரம் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மறுபடி வாடைக்காற்று தொடங்கிய மாசம். காலையில் உருண்டை போடும் சத்தம் கேட்காமல் கோபார் எட்டிப் பார்த்தான். பில்மா மாவை உருட்டி, சட்டிக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணெய் சும்மா காய்ந்துகொண்டிருந்தது.

"பில்மா, என்ன பண்றே?"

"ஏன்? பொரிச்சிட்டிருக்கேன். புகையா இருக்குல்ல."

புகையே இல்லை.

அவன் அடுப்பை அணைத்தான். அவள் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஊதி, வெளிறி, வாயில் ஒரு மாதிரி வாடை. பத்து நாளாகச் சாப்பிட்டது தங்கவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். அன்றே வேனில் டவுனுக்குக் கூட்டிப்போனான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஃபிஜிக்காரர், சின்ன வயசு. காகிதத்தைப் பார்த்தார், மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். மத்தியானம் இருவரையும் உட்காரவைத்தார்.

"ரெண்டு கிட்னியும் கிட்டத்தட்ட நின்னுபோச்சு. கண்ணுலயும் உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. அம்மா, உங்களுக்கு எத்தனை வருஷமா சர்க்கரை?"

கோபார் குறுக்கே விழுந்தான். "அவளுக்கு இல்ல டாக்டர். எனக்குத்தான். எனக்கு ஆறு புள்ளி ஒண்ணு."

"பன்னெண்டு வருஷம்" என்றாள் பில்மா.

அவன் திரும்பினான். அவள் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஜெல்தா பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்போ, தேவாலயத்துல ஒரு நாள் வந்து எல்லாருக்கும் பாத்தாங்களே, அன்னைக்குச் சொன்னாங்க."

டாக்டர் பேனாவை வைத்தார்.  பிறகு கோபார் கேட்டான்.

"டாக்டர், எனக்குச் செஞ்ச சாப்பாட்டையே இவளும் சாப்பிட்டிருந்தா?"

"நெறைய உதவியிருக்கும். ஆரம்பத்துலயே சாப்பிட்டு, மருந்தும் எடுத்திருந்தா கிட்னியைக் காப்பாத்தியிருக்கலாம். ஆனா இது ஒரு வருஷத்துல வந்தது இல்ல. நீங்க அப்படி நெனச்சுக்காதீங்க."

அவன் அப்படித்தான் நினைத்தான். தட்டு தட்டாக எண்ணிக்கொண்டிருந்தான்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் இங்கே இல்லை. அமெரிக்காவுக்குத்தான் போகவேண்டும். மகள் ஜெல்தா அங்கே ஆர்கன்சாவில், கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். போன் போட்டதும் அழுதாள், பிறகு ஆணை போட்டாள். "அம்மாவை ஏத்தி அனுப்புங்க அப்பா. ஆஸ்பத்திரி எங்க வீட்டுலருந்து பத்து நிமிஷம். வாரத்துக்கு மூணு நாள், நாலு மணி நேரம். எத்தனையோ பேர் பண்றாங்க."

 வேனில் வீடு வந்து, காயல் பக்கத்து மணலில் பாயை விரித்துக் கோபார் பில்மாவை உட்காரவைத்தான். வெயில் தாழ்ந்திருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் ரெண்டு வருஷத்துல உனக்கு வந்துடுச்சு. அப்புறம் உன் காலு. ஒரு வீட்டுல ஒரு நோயாளி போதும்னு விட்டுட்டேன்."

"எனக்கு ஆக்கறப்போ ஒரு பிடி நீயும் தின்னிருக்கலாமே. ஒரே சட்டிதானே!"

அவள் மணலைக் கிளறினாள்.

"எனக்காகத்தானே தின்னே? என் பங்கையும் சேத்துத் தின்னு..."

"நிறுத்து. ஊரு அப்படித்தான் சொல்லும். நீயும் சொல்லாத." அவள் குரல் கரகரத்தது. "பாதி உனக்காக. பாதி எனக்கு ஆசை, கோபாரு. மதினி வீட்டுப் பன்னி எப்படி இருந்துச்சு தெரியுமா? அந்த நீல கேக்கு? உன் தட்டை வாங்குற சாக்குல நான் சந்தோஷமாத் தின்னேன். என்னைப் புனிதவதி ஆக்கி அழுவாத. அது எனக்குப் புடிக்கல."

அவன் அழுதான். அவள் அழவில்லை.

"ஜெல்தா சொல்ற மாதிரி போவோம். நானும் வர்றேன்."

"நம்ம ஊரு லிஜோன் போனாளே, ஞாபகமிருக்கா? மூணு வருஷம் அந்த மெஷினோட கட்டிப்போட்டாங்க. குளிர்ல ஜன்னலைத் திறக்க முடியாதாம். கடைசியில பெட்டியில வந்தா. பெட்டியில வர்றதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? எங்க அம்மா இங்க கிடக்கா. எனக்கு எடம் இங்க இருக்கு."

"எனக்கு?"

அவள் கண் சரியாகத் தெரியாமல் கையை நீட்டித் தேடி, அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத்தான் காலு இருக்கே. நட."

ஒரு வாரம் கெஞ்சினான். ஜெல்தா தினமும் கூப்பிட்டுக் கெஞ்சினாள். போதகர் வந்து பேசிப் பார்த்தார். பில்மா எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு அதே பதிலைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுக் காகிதத்தை ரோசினாதான் வந்து படித்துச் சொன்னாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. பொட்டாசியம் சேரக்கூடாது, சேர்ந்தால் இதயம் நின்றுவிடும். அதனால் ஈரப்பலா கூடாது. சேம்பு கூடாது. பூசணி, கீரை, சக்கரைவள்ளி, வாழை, இளநீர் கூடாது.

கோபார் பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். தோட்டம் பச்சென்று நின்றது.

"டீச்சர், அப்போ நான் போட்டிருக்கறதுல ஒண்ணுகூட..."

"உங்களுக்கு அது மருந்து கோபார். இந்த நெலைமையில அவங்களுக்கு அது ஆகாது."

"எது ஆகும்?"

ரோசினா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெள்ளைச் சோறு. கொஞ்சம் முட்டை வெள்ளை." பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். "முதல் நாளே நான் அவங்க விரலைப் பிடிச்சுக் குத்தியிருக்கணும். ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க, நான் நம்பிட்டேன்."

"டீச்சர்," என்றாள் பில்மா பாயிலிருந்து, "நான் பொய் சொன்னா என் புருஷனுக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒன்றரை வருஷமாக வெள்ளை அரிசியைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்த மனுஷன் கடைக்குப் போய் ஒரு பை வாங்கிவந்தான். ஐம்பத்திமூன்று வயசில் முதல்முறையாக அடுப்பு முன் நின்றான். பில்மா கதவோரம் படுத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

"கழுவு. இன்னும் கழுவு. தண்ணி தெளிஞ்சுதா?"

"தெளிஞ்ச மாதிரிதான் இருக்கு."

"எனக்குத்தான் கண்ணு தெரியல, உனக்குமா? இப்போ விரலை விடு. அரிசிக்கு மேல முதல் கணு வரைக்கும் தண்ணி."

"எந்த விரலு?"

"நல்லவேளை, காலு விரலைக் கேக்காம விட்டே."

முதல்நாள் அடிப்பிடித்தது. இரண்டாம்நாள் குழைந்தது. நாலாம்நாள் பொலபொலவென்று வந்தது. உப்பில்லாத சோற்றை அவன் கையால் ஊட்டினான். அவள் நாலு வாய் வாங்குவாள், ஐந்தாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடம்பெல்லாம் அரித்தது. தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணி முதுகிலும் காலிலும் தேய்த்துவிடுவான். மருந்து நேரம் போக மிச்சநேரம் தூங்கினாள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழக்கத்தில் வேலிக்கு வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

வைகாசியில் ஈரப்பலா முற்றியது. அந்த வருஷத்து முதல் காய்களைப் பறித்து வழக்கப்படி தீவின் பெருந்தலைவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, மட்டை நெருப்பில் ஒன்றைத் தனக்காகச் சுட்டான். சுடுவது ஆண்களுக்குத் தெரிந்த வேலை. தோல் கருகி வெடித்து உள்ளே ஆவி கிளம்பியதும் வாசம் வீடு முழுக்கப் போயிற்று.

"கோபாரு" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். மூன்று நாளாக அவள் பேசியது இல்லை. "எனக்கு ஒரு துண்டு."

"காகிதத்துல..."

"காகிதம் எனக்குத் தெரியும்."

அவன் காயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். சூடு உள்ளங்கையைச் சுட்டது, அவன் மாற்றிப் பிடிக்கவில்லை. அவள் கண்ணை மூடி, குழந்தைபோல வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

சிப்பி ஓட்டால் கரியைச் சுரண்டினான். நடுவில் பிளந்து, மஞ்சளாகப் பஞ்சுபோல இருந்த இடத்தில் ஒரு துண்டு கிள்ளி, ஊதி, அவள் நாக்கில் வைத்தான். அவள் மெல்லவில்லை. வாய்க்குள் கரையவிட்டாள்.

"இன்னும்."

கொடுத்தான். பாதிக்காய் வரைக்கும் கொடுத்தான். தானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்றான். இத்தனை காலத்தில் இரண்டு பேரும் ஒரே காயைத் தின்றது அன்றைக்குத்தான்.

"நல்லா சுட்டிருக்கே" என்றாள்.

இரண்டாம்நாள் காலை, அவன் அரிசி கழுவிக்கொண்டிருந்தபோது அவள் போய்ச் சேர்ந்தாள். அந்தக் காயாலா, இல்லை காலம் வந்துவிட்டதா என்று அவன் டாக்டரிடம் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். ஜெல்தா வந்தாள், ஆறாம்நாள் கல்லறைமேல் வெள்ளைச் சரளை பரப்பியதும், "என்கூட வந்துடுங்க அப்பா" என்று காலைப் பிடித்தாள். அவன் போகவில்லை. அவள் வேலை போய்விடும் என்று அழுதுகொண்டே விமானம் ஏறினாள். சாவுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த அரிசிப் பைகளும் டின்களும் சுவரோரம் ஆள் உயரத்துக்கு இருந்தன. கோபார் அதையும் தொடவில்லை, தோட்டத்தையும் தொடவில்லை. மழை பெய்தது. பூசணிக்கொடி பாதையை மூடியது.

பத்துப்பன்னிரண்டு நாள் கழித்து ரோசினா சோதனைக் கருவியோடு வந்தாள். விரலில் குத்திப் பார்த்தாள்.

"தொண்ணூத்தாறு. நல்லா இருக்கே கோபார். நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

அவள் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு நேரே ஹெர்த்தீனா வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். மறுநாள் காலை ஹெர்த்தீனா வந்தாள். வந்தவள் தம்பியிடம் ஒன்றும் பேசாமல் தோட்டத்துக்குள் இறங்கினாள். பெரிய உடம்பை வளைத்துக் குனிந்து, மூச்சு வாங்க, பூசணிக் கொழுந்தாக ஒரு மடி கிள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. தேங்காய் உடைத்தாள். பிறகு சத்தம் நின்றது. கொஞ்சநேரம் கழித்து வாசலில் வந்து நின்றாள். கையில் கீரை அப்படியே இருந்தது.

"கோபாரு, இதை அவ எப்படிடா ஆக்குவா? பாலை முதல்ல விடுவாளா, கடைசியிலயா?"

அவன் யோசித்தான். ஒன்றரை வருஷம், தினமும் ஒரு வேளை.

"தெரியலக்கா."

"ஒரு நாளாவது பாத்திருப்பேல்ல?"

"தட்டுலதான் பாத்தேன்."

ஹெர்த்தீனா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்டா ஒவ்வொரு தடவையும் ரெண்டு தட்டையும் அவ கையில குடுத்தேன்" என்றாள். அவள் குரல் முதல்முறையாகச் சின்னதாக வந்தது. "சிரிச்சுக்கிட்டே வாங்குனா. நானும் சிரிச்சேன்."

 அவள் உடுப்பின் ஓரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கீரையைப் பார்த்தாள்.

"ஏதாவது ஆக்கணுமேடா. நீ எழுந்து வா. உனக்கு என்ன ஆக்கத் தெரியும், அதைச் சொல்லு."

கோபார் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தான்.

"எனக்குச் சோறு மட்டுந்தான்க்கா ஆக்கத் தெரியும்" என்றான்.